ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்?

கிருமித்தொற்று ரத்தம் முழுக்கப் பரவி, ரத்த அழுத்தம் சரிந்துபோன நோயாளிக்கு ஐசியூவில் முதலில் தொடங்கும் மருந்துகளில் ஒன்று நார்அட்ரினலின். ஊசி போட்டுவிட்டு நகர்ந்துவிடக்கூடிய மருந்தில்லை இது. 50 மில்லி சிரிஞ்சில் கரைத்து, சிரிஞ்ச் பம்ப்பில் பொருத்தி, பெரும்பாலும் கழுத்துச் சிரையில் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் வழியாக, மணிக்கு இத்தனை மில்லி என்று இடைவிடாமல் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தத்தில் கலந்த மருந்து இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். சிரிஞ்ச் காலியாகிப் புதியதை மாட்டுவதற்குள் சிறிது தாமதமானாலும் அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கும். அதனால் அனுபவமுள்ள நர்ஸ், பழைய சிரிஞ்சில் கொஞ்சம் மருந்து மிச்சமிருக்கும்போதே புதியதை இரண்டாவது பம்ப்பில் ஏற்றி ஓட விடுவார். மானிட்டரில் அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கியதும் பழைய பம்ப்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பார். இந்தக் கைமாற்று முடியச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை அவர் அந்தக் கட்டிலை விட்டு நகர முடியாது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலின் வென்டிலேட்டர் கத்துகிறது. மூச்சுக்குழாயில் சளி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிஜன் அளவு 94, 91, 88 என்று இறங்குகிறது. கையுறை மாட்டி, சக்‌ஷன் குழாயைப் பிரித்து, உள்ளே விட்டு, பத்துப் பதினைந்து நொடிக்குள் சளியை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். இதையும் தள்ளிப்போட முடியாது. இரண்டு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்றால், அவர் இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று கட்டிலுக்கு ஒருவர் என்றால், மூன்றாவது நோயாளி பாதி மயக்கத்தில் தன் வாயிலுள்ள குழாயைப் பிடுங்கக் கையைத் தூக்குவதைப் பார்க்க ஆளே இல்லை.

இதில் ஒரு எளிய கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு கட்டில் இருந்தால் ஒன்றோடொன்று மோதக்கூடிய இணை ஒன்றுதான். மூன்று கட்டில் என்றால் மூன்று இணைகள். நான்கு என்றால் ஆறு. கட்டில் இரண்டு மடங்காகும்போது, ஒரே நேரத்தில் இரண்டு ஆபத்துகள் வந்து மோதும் வாய்ப்பு ஆறு மடங்காகிறது. “ஒரு பேஷன்ட்தானே கூடுதல், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று டூட்டி போடுபவர் சொல்லும்போது இந்தக் கணக்கு அவர் மனதில் இருப்பதில்லை. நர்ஸின் உடம்புக்கு அது தெரியும்.

அப்படி ஒவ்வொரு ஷிப்ட்டிலும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கும் மனிதருக்குச் சில ஆண்டுகளில் என்ன ஆகிறது என்பதைத்தான் பர்ன்அவுட், அதாவது பணிச்சோர்வு என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். நம் மருத்துவமனைகளில் இது பெரும்பாலும் மனத்திடம் சார்ந்த விஷயமாகப் பேசப்படுகிறது. யோகா வகுப்பு, தியானம், நர்ஸ் தினத்தன்று ஒரு ஊக்க உரை. இவற்றால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அரை நூற்றாண்டு ஆய்வுகளைப் படித்துப் பார்த்தால், இந்தச் சோர்வு பிறக்கும் இடம் நர்ஸின் மனம் இல்லை, டூட்டி லிஸ்ட்டும் வார்டின் அதிகார அடுக்கும்தான் என்பது எனக்கு மேலும் மேலும் உறுதியாகிறது.

ஐசியூ எப்படிப் பிறந்தது என்று பார்த்தாலே இது விளங்கும். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய். பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசை செயலிழந்தவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பில் மாட்டும் கருவிகள் ஆறும். முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகச் செய்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பிறகு மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறைவைத்து, ஒவ்வொரு கட்டிலருகிலும் உட்கார்ந்து, இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் 87 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 25 சதவீதத்துக்கு இறங்கியது. மறு ஆண்டே இப்சன் நிரந்தரத் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். ஒரு நோயாளிக்கு ஒரு மனிதர், நாள் முழுக்க, கண் எடுக்காமல்: இதுதான் ஐசியூவின் மூலக்கரு. இயந்திரங்கள் பிறகு வந்தவை. பையை அழுத்தும் வேலையை வென்டிலேட்டர் எடுத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை எந்த இயந்திரமும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பார்க்கும் வேலை என்னவென்று வெளியே ஹாலில் காத்திருக்கும் உறவினர்களுக்குத் தெரிவதில்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், வெப்பநிலை, வென்டிலேட்டர் எண்கள், உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர் எல்லாம் மணிக்கு மணி சார்ட்டில் ஏற வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். 80 கிலோ நோயாளியை ஐந்தாறு குழாய்களோடு புரட்டும்போது, ஒரு குழாய் உருவினாலும் விபரீதம். வாய் துடைப்பது, கண் வறளாமல் சொட்டு விடுவது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதற்கு முன் முந்தைய கஞ்சி செரித்ததா என்று உறிஞ்சிப் பார்ப்பது, நள்ளிரவில் ரத்தம் எடுத்து அதன் வாயு அளவுகளை (ஏபிஜி) பார்ப்பது, டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது. இத்தனைக்கும் நடுவில் கதவருகே ஒரு மனைவி நின்று, “சிஸ்டர், கண்ணு முழிச்சாரா?” என்று கேட்பார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் வேறொரு கட்டிலில் ஒருவரின் மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தும் காப்பாற்ற முடியாமல் போன அதே நர்ஸ்தான், முகத்தைச் சரிசெய்துகொண்டு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் காட்டுவதே வேலையின் ஒரு பகுதியாகிப்போவதைச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து உணர்வு உழைப்பு என்று வகுத்துக் காட்டினார். சம்பளப் பட்டியலில் அந்த உழைப்புக்கு இடம் கிடையாது.

பணிச்சோர்வு முதலில் அடையாளம் காணப்பட்டதும் பிறரைப் பேணும் இடத்தில்தான். நியூயார்க்கில் போதைக்கு அடிமையான ஏழை இளைஞர்களுக்கான இலவச மருத்துவமனையில் மாலை நேரங்களில் சேவை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், தன்னிடமும் தன்னோடு வேலை செய்த தொண்டர்களிடமும் கண்டதை 1974-இல் கட்டுரையாக எழுதினார். அதிக ஈடுபாட்டோடு வந்தவர்கள்தான் முதலில் வற்றிப்போனார்கள் என்பது அவருடைய கவனிப்பு. அதே காலத்தில் பெர்க்லியில் கிறிஸ்டினா மாஸ்லாக், மருத்துவம், சமூகப்பணி போன்ற துறைகளில் இருப்பவர்களைப் பேட்டி கண்டார். சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-இல் 22 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். இன்றுவரை உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது அதுதான்.

அந்த அளவுகோல் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கிறது. முதலாவது, உணர்வு வறட்சி: லீவு போட்டுத் தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, டூட்டிக்குக் கிளம்பும்போதே நெஞ்சில் ஏறும் பாரம். இரண்டாவது, விலகல்: நோயாளி மனிதராகத் தெரிவது நின்று, முடிக்க வேண்டிய வேலையாகத் தெரிவது. மூன்றாவது, தன் வேலையால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். இவற்றில் இரண்டாவதைத்தான் வெளியில் இருப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். சிடுசிடுப்பு, திமிர், ஈரமில்லாத மனசு என்று பெயர் வைக்கிறார்கள். லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் செவிலியர்களை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960-இலேயே இதை வேறு மாதிரிப் பார்த்தார். நோயாளியைப் பெயரால் அழைக்காமல் கட்டில் எண்ணாலும் உறுப்பின் பெயராலும் குறிப்பிடும் வழக்கம், ஒரே நோயாளியோடு ஒரு நர்ஸ் அதிக நேரம் இருக்கவிடாமல் வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ஏற்பாடு எல்லாமே, தாங்க முடியாத பதற்றத்துக்கு எதிராக அந்த நிறுவனம் எழுப்பிக்கொண்ட சுவர் என்றார். அந்தச் சுவர் பதற்றத்தைத் தீர்க்கவில்லை. நல்ல நர்ஸாக இருக்க வந்தவர்களிடமிருந்து வேலையின் நிறைவைப் பறித்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட 11-ஆவது நோய்வகைப்பாட்டில் பணிச்சோர்வு நோயாகச் சேர்க்கப்படவில்லை. வேலை சார்ந்த நிகழ்வாகவே அது வகுக்கப்பட்டது. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அதன் வரையறை. மருத்துவர்கள் பலர் இதைச் சின்ன வேறுபாடாகக் கருதுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. நோய் என்றால் சிகிச்சை நர்ஸுக்கு. பணியிட நிகழ்வு என்றால் சிகிச்சை பணியிடத்துக்கு. ரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிட முயன்ற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்திருக்கின்றன. பணிச்சோர்வைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. டூட்டி லிஸ்ட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐசியூ நர்ஸ்களிடம் இதை விரிவாக அளந்தவர்கள் ஃபிரெஞ்சுக்காரர்கள். 2007-இல் வெளிவந்த அந்த ஆய்வில் 165 ஐசியூக்களைச் சேர்ந்த 2,392 பேர் பதிலளித்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் கடும் பணிச்சோர்வு இருந்தது. இந்த விகிதத்தைவிட, சோர்வு எதனோடு சேர்ந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. விடுப்பு நாளைத் தானே தேர்ந்தெடுக்க முடிகிறதா, தலைமை நர்ஸோடும் டாக்டர்களோடும் உறவு எப்படி இருக்கிறது, நோயாளிகளோடு மோதல் வந்ததா, சாகும் நிலையில் இருந்தவரைப் பார்த்துக்கொள்ள நேர்ந்ததா, அந்த வாரத்தில் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தும் முடிவுகள் எத்தனை எடுக்கப்பட்டன. இவைதான் பட்டியலில் இருந்தன. விடுப்பு நாள் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போக முடியுமா என்று மூன்று நாள் முன்புவரை தெரியாத வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தால்தான் அதன் எடை புரியும்.

ராபர்ட் காராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே உதவுகிறது. வேலை கடினமாக இருப்பது மட்டும் ஒருவரை அழிப்பதில்லை. கடினமும், அதைத் தன் விருப்பப்படி கையாள அதிகாரமின்மையும் சேரும்போதுதான் அழிவு. அறுவைசிகிச்சை நிபுணருக்கும் வேலை கடினம்தான். ஆனால் அந்த அறையில் கடைசிச் சொல் அவருடையது. ஐசியூ நர்ஸ் நோயாளியோடு எட்டு மணி நேரம் இருக்கிறார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் சில நிமிடங்கள் இருக்கிறார். மருந்தை மாற்றவும், நோயாளியை வார்டுக்கு அனுப்பவும், புதிய அட்மிஷனை மறுக்கவும் நர்ஸுக்கு அதிகாரம் இல்லை. ஏதாவது தவறினால் விளக்கம் கேட்கும் மெமோ மட்டும் அவர் பெயருக்கு வரும்.

இதன் மிகக் கூர்மையான வடிவத்துக்கு ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற அறவியலாளர் 1984-இல் அறவேதனை என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். எது சரி என்று தெரிந்தும், இருக்கும் ஏற்பாடு அதைச் செய்ய விடாதபோது வரும் வேதனை. பிழைக்க வாய்ப்பே இல்லாத முதியவருக்கு மூன்றாவது வாரமாகச் சளி உறிஞ்சும்போது, ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுளிப்பதைப் பார்ப்பவர் நர்ஸ்தான். நம் நாட்டில் இதற்கு மறுபக்கமும் உண்டு. பிழைக்கக்கூடிய இளைஞரை, பணம் தீர்ந்துபோனதால், “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று கையெழுத்துப் போட்டுக் குடும்பம் அழைத்துச் செல்லும். குழாயை அகற்றி, கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிவிடும் கைகளும் அந்த நர்ஸுடையவைதான். கண்ணியமான மரணத்துக்கான உரிமையையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அப்படிப்பட்ட முடிவெடுக்கும் பேச்சில், நோயாளியின் அருகில் அதிக நேரம் இருந்த நர்ஸுக்கும் நாற்காலி போட வேண்டும் என்பது என் கருத்து. முடிவு மாறாமலே போகலாம். ஆனால் காரணம் தெரிந்து ஒரு காரியத்தைச் செய்வதும், தெரியாமல் செய்வதும் மனதை ஒரேபோல் அரிப்பதில்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐந்து ஐசியூக்களில், 77 கட்டில்களின் மானிட்டர் அலாரங்களை 31 நாட்கள் பதிவு செய்தார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல். காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 187. அதாவது ஏறத்தாழ எட்டு நிமிடத்துக்கு ஒன்று. இரண்டு கட்டில் பார்ப்பவருக்கு நான்கு நிமிடத்துக்கு ஒன்று. இதயத்துடிப்புக் கோளாறு என்று அடித்த அலாரங்களில் ஆய்வாளர்கள் சரிபார்த்தவற்றில் 88.8 சதவீதம் பொய். நோயாளி கையை அசைத்தது, ஒட்டியிருந்த எலக்ட்ரோடு வியர்வையில் கழன்றது இப்படி ஏதாவது. பத்தில் ஒன்பது பொய்யான எச்சரிக்கையைக் காது தானாகவே புறந்தள்ளக் கற்றுக்கொள்ளும். மூளையின் இயல்பு அது. உண்மையான அந்தப் பத்தாவதைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் மட்டும் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பின்னும் கூடவே வரும். எலக்ட்ரோடுகளைத் தினமும் மாற்றுவதும், அலாரம் எல்லைகளை அந்தந்த நோயாளிக்கு ஏற்பத் திருத்தி வைப்பதும் இந்தச் சத்தத்தைக் குறைக்கும் வழிகள். செலவு சொற்பம். ஆனால் அதைச் செய்ய நர்ஸுக்குச் சில நிமிடங்கள் வேண்டும். மறுபடியும் அதே கணக்கு.

இரவு டூட்டி இதையெல்லாம் பெருக்குகிறது. அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் உடல் வெப்பநிலையும் விழிப்பும் அன்றைய நாளின் அடிமட்டத்தில் இருக்கும். 2007-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், சுமார் 35 மணி நேரம் தூங்காமல் இருந்த இளைஞர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகக் கொந்தளித்தது. அதைக் கட்டுக்குள் வைக்கும் முன்மூளைப் பகுதியோடு இருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. தொடர்ந்து இரவு டூட்டி பார்த்த நர்ஸ், காலை ஏழு மணி ஹேண்ட்ஓவரில் சின்னக் கேள்விக்கு எரிந்து விழுந்தால், அவருடைய குணத்தை எடைபோடுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம். ஷிப்ட் நீளமும் இப்படித்தான். பத்து மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்யும் நர்ஸ்களுக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு, குறைந்த நேரம் வேலை செய்பவர்களைவிட இரண்டரை மடங்குவரை அதிகம் என்று 2012-இல் அமெரிக்காவில் நான்கு மாநிலங்களில் எடுத்த ஆய்வு காட்டியது. வியப்பு என்னவென்றால், அந்த நர்ஸ்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் டூட்டி அட்டவணை திருப்தியளிப்பதாகவே சொன்னார்கள். நீண்ட ஷிப்ட் என்றால் வாரத்தில் ஆஃப் நாட்கள் கூடும். வீட்டில் பிள்ளைகளோடு இருக்கலாம். உடம்பு கொடுக்கும் விலை உடனே தெரிவதில்லை. அதனால்தான் “அவங்களே டபுள் டூட்டி கேக்கறாங்க” என்பது நிர்வாகத்துக்கு ஒரு சமாதானமாக இருக்க முடியாது.

இப்போது நோயாளியின் பக்கம் வருவோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன் தானே ஒரு நர்ஸ். அவர் குழு 2002-இல் 168 மருத்துவமனைகள், 10,184 நர்ஸ்கள், அறுவைசிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள் என்று பெரிய அளவில் கணக்கெடுத்தது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது நர்ஸின் பணிச்சோர்வு வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2014-இல் பார்த்தபோதும் அதே 7 சதவீதம் வந்தது.

இந்த இரண்டும் எப்படி இணைகின்றன? பென்சில்வேனியாவின் 161 மருத்துவமனைகளில் நடந்த 2012 ஆய்வு இதற்கு ஒரு தடயம் தருகிறது. நர்ஸுக்கான நோயாளி எண்ணிக்கை கூடினால் சிறுநீர்க்குழாய்த் தொற்று கூடுகிறது. ஆனால் கணக்கில் பணிச்சோர்வையும் சேர்த்ததும், தொற்றை விளக்கும் காரணியாக எஞ்சியது பணிச்சோர்வுதான். மருத்துவமனைகள் பணிச்சோர்வை 30 சதவீதம் குறைத்தால் ஆண்டுக்கு 6,239 தொற்றுகள் குறையும், 6.8 கோடி டாலர்வரை மிச்சமாகும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இதைக் கட்டிலருகே வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கையைத் தேய்த்துச் சுத்தப்படுத்த இருபது முப்பது நொடி ஆகும். சிறுநீர்ப் பையைக் காலி செய்யும்போது அதன் வாய் தரையிலோ ஜாடியிலோ படாமல் பிடிக்க வேண்டும். யாரும் கவனிக்காத, யாரும் பாராட்டாத இந்தச் சின்னச் சின்ன ஒழுங்குகளைத் தாங்கிப் பிடிப்பது மனதின் ஈடுபாடு ஒன்றுதான். சோர்வு முதலில் தின்பது அதைத்தான். மருந்தின் அளவைப் பெரும்பாலும் யாரும் மறப்பதில்லை. கை கழுவுவது ஒருமுறை விட்டுப்போகும்.

என்ன செய்யலாம் என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி, 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் தன் அரசு மருத்துவமனைகள் சிலவற்றின் பொது வார்டுகளில் பகலில் நான்கு, இரவில் ஏழு என்று உச்சவரம்பு வைத்தது. கட்டுப்பாடு வந்த மருத்துவமனைகளையும் வராதவற்றையும் ஒப்பிட்டு 2021-இல் வெளிவந்த ஆய்வு, மீண்டும் சேர்க்கப்படுபவர்கள் குறைந்ததாலும் படுத்திருக்கும் நாட்கள் குறைந்ததாலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று கண்டது. எண்ணிக்கை மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2014-இல் ஐசியூக்களுக்கு மட்டும் இதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்தபோது, அங்கே பெரும்பாலான ஐசியூக்கள் ஏற்கெனவே அந்த அளவை ஒட்டியே இருந்தன. நோயாளிகளின் இறப்பில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. பற்றாக்குறை கடுமையாக இருக்கும் இடத்தில்தான் எண்ணிக்கை உயிரைக் காக்கிறது. போதுமான ஆள் வந்த பிறகு, வேறு விஷயங்களைத் தேட வேண்டும்.

அந்த வேறு விஷயங்களில் ஒன்று, 2018-இல் வெளியான மற்றொரு ஃபிரெஞ்சு ஆய்வில் இருக்கிறது. எட்டு ஐசியூக்களின் 198 நர்ஸ்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சியும் நேர்மறைச் சிந்தனையும் அதன் மையமாக இருக்கவில்லை. பாடங்களை மீண்டும் படித்தார்கள். இதயம் நின்றுபோவது, குழாய் அடைத்துக்கொள்வது போன்ற நெருக்கடிகளைப் பொம்மை நோயாளியை வைத்து நடித்துப் பார்த்தார்கள். முடிந்ததும் உட்கார்ந்து, எங்கே தடுமாறினோம் என்று பேசினார்கள். ஆறு மாதம் கழித்து, காராசெக் சொன்ன அந்தக் கடினமும் அதிகாரமின்மையும் சேர்ந்த இறுக்கம், பயிற்சி பெற்றவர்களில் 13 சதவீதம் பேரிடம் இருந்தது. பெறாதவர்களில் 67 சதவீதம் பேரிடம். கை தேறியவருக்குத் தன் வேலைமேல் பிடி கிடைக்கிறது. படிப்பு முடித்த மறுமாதமே ஐசியூவில் நிறுத்தப்பட்டு, பக்கத்துக் கட்டில் சிஸ்டரைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் 21 வயதுப் பெண்ணுக்கு அந்தப் பிடி எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டுக்கு வந்தால் கணக்கு இப்படி. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுப்படி ஐசியூவில் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ். ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு மூன்று ஷிப்ட், ஆக ஒரு கட்டிலுக்கு 1,095 ஷிப்ட். வாராந்திர ஓய்வு, பண்டிகை, விடுப்பு எல்லாம் போக ஒரு நர்ஸ் சுமார் 270 ஷிப்ட் பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிலுக்கு நான்கு பேர் தேவை. பத்துக் கட்டில் ஐசியூவுக்கு நாற்பது பேர். ஒரு மருத்துவமனை நாற்பது பேரை வைத்திருக்க வேண்டுமென்றால், வந்தவர்கள் தங்க வேண்டும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்ந்த ஆயிரக்கணக்கான நர்ஸ்களின் தொகுப்பூதியம் அப்போது மாதம் 7,700 ரூபாயாக இருந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளத்தைப் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, 50 கட்டிலுக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 கட்டிலுக்கு மேலிருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைச் சட்டமாக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் போனது. இதற்கிடையே ஐசியூ அனுபவமுள்ளவர்களுக்கு வளைகுடாவும் பிரிட்டனும் அயர்லாந்தும் ஜெர்மனியும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அவர்கள் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். கைதேர்ந்த ஒருவர் போகும்போது, மிச்சமிருக்கும் ஒவ்வொருவர் தலையிலும் கட்டில் கூடுகிறது, கற்றுக்கொடுக்கும் வேலையும் கூடுகிறது. அந்தச் சுமையால் அடுத்தவரும் கிளம்புகிறார்.

சம்பளத்துக்கும் பணி நியமனத்துக்கும் அரசாணையும் நிதியும் வேண்டும், காலம் ஆகும். ஆனால் ஒன்றை உடனே தொடங்கலாம். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பின்றிக் கைவிடப்பட்டதை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸின் அறிக்கை 2013-இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து, அரசு மருத்துவமனைகளின் ஒவ்வொரு வார்டிலும் அந்த ஷிப்ட்டில் இருக்க வேண்டிய நர்ஸ்கள் எத்தனை, உண்மையில் இருப்பவர்கள் எத்தனை என்று போர்டில் எழுதி வைக்கும் நடைமுறை 2014-இல் வந்தது. மாதந்தோறும் இணையத்திலும் வெளியிட்டார்கள். நம் ஊர் ஐசியூ வாசலில் பார்வையாளர் நேரம், செருப்பைக் கழற்றுங்கள், செல்போன் கூடாது என்று பலகைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுத இடம் இருக்கும்: இன்று உள்ளே எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ். அதுவரை, உள்ளே ஒருவரை விட்டுவிட்டு வெளியே காத்திருப்பவர்கள் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது. கதவைத் திறந்து வரும் சிஸ்டரிடம் கேட்காதீர்கள். அவரிடம் அதற்கான பதிலும் இல்லை, நேரமும் இல்லை. டூட்டி போடுபவரிடம் கேளுங்கள்.